டிசென்ட் (இறங்க அனுமதி) தாமதமாகக் கிடைத்தால்: மிச்சமிருக்கும் மைலை வைத்து இறங்கும் முறை

எஃப்எல் 350-இல், அதாவது 35,000 அடி உயரத்தில், ஓர் ஏர்பஸ் ஏ320 பறக்கிறது. தரைவேகம் 450 நாட், அதாவது நிமிடத்துக்கு ஏழரை நாட்டிகல் மைல். இறங்கத் தொடங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது, தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர் இன்னும் அதே உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். கீழே வேறொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருக்கலாம். அடுத்த செக்டாரின் (அடுத்த வான்பகுதியைக் கவனிப்பவரின்) ஒப்புதல் வராமல் இருக்கலாம். அலைவரிசையில் நெரிசலாக இருந்து, அவருக்கு உங்களைக் கூப்பிட இடைவெளியே கிடைக்காமல் இருக்கலாம். எது காரணமானாலும் விளைவு ஒன்றே. 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம் மைலுக்கு 318 அடி இழக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானால் சுமார் 2,400 அடி அதிக உயரம். மூன்று நிமிடம் தாமதமானால் 7,000 அடிக்கு மேல்.

இதை வெறும் உயரச் சிக்கலாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. கழிக்க வேண்டியவை இரண்டு: உயரமும் வேகமும். இரண்டையும் கழிக்கத் தூரம் வேண்டும், தூரமோ நிமிடத்துக்கு ஏழு மைல் வீதம் கரைகிறது. ஆகவே "எவ்வளவு வேகமாக இறங்கலாம்" என்று யோசிப்பதற்கு முன்னால் "எனக்கு இன்னும் எத்தனை மைல் இருக்கிறது, எத்தனை வேண்டும்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு எண்களும் மனதில் தயாராக இருக்கும் விமானி, தாமதமான அனுமதி வந்தாலும் பதற மாட்டார்.

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஏ320, போயிங் 737 ரகங்களுக்குப் பொருந்துபவை. உங்கள் நிறுவனக் கையேடு வேறு வரம்பு சொன்னால் அதுவே செல்லும்.

மனக்கணக்கு

கழிக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையத்துக்கு 35,000 அடியிலிருந்து இறங்க 105 மைல். அதோடு வேகம் குறைக்க 10 நாட்டுக்கு ஒரு மைல் வீதம் சேர்க்க வேண்டும். 250 நாட்டிலிருந்து 150-க்கு வர 10 மைல். மொத்தம் 115 மைல்.

காற்றையும் சேர்க்க வேண்டும். இறக்கம் 20 நிமிடம் என்று வைத்து, சராசரியாக 30 நாட் பின்காற்று அடித்தால் அந்த 20 நிமிடத்தில் காற்று மட்டும் உங்களை 10 மைல் தள்ளிவிடும். அப்போது 115 என்பது 125 ஆகிவிடும். மேலே 100 நாட் பின்காற்று அடித்துக் கீழே ஒன்றுமில்லாத நாளில் சராசரி 50 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் கணக்கில் விட்டுப்போகும். மேகத்துக்குள் என்ஜின் ஆன்டி-ஐஸ் (பனி உறையாமல் காக்கும் சூடு) போட்டால் ஐடில் உந்துவிசையே, அதாவது என்ஜினின் மிகக் குறைந்த உந்துதலே, கூடிவிடும், இறக்கம் தட்டையாகும். இன்னொன்று எடை. கனமான விமானம் வேகமாக விழும் என்று மனம் சொல்லும், நடப்பது நேர்மாறு. ஒரே குறிவேகத்தில் (கருவி காட்டும் வேகத்தில்) ஐடிலில் இறங்கும்போது கனமான விமானம் அதிகத் தூரம் சறுக்கும். நிறைய எரிபொருளும் நிறைந்த இருக்கைகளுமாக வந்தால் கூடுதல் மைல் ஒதுக்குங்கள்.

சரிவை இறங்குவீதமாக மாற்ற, தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 450 நாட்டில் நிமிடத்துக்கு 2,250 அடி. இது 3 டிகிரியில் தங்குவதற்கான வீதம் மட்டுமே. மேலே சிக்கியிருக்கும்போது இந்த வீதத்தில் இறங்கினால் மேலேயே இணையாகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

அனுமதி வருவதற்கு முன்

நல்ல விமானிகள் இந்த வேலையில் பாதியை டாப் ஆஃப் டிசென்டுக்கு, அதாவது இறங்கத் தொடங்க வேண்டிய புள்ளிக்கு, முன்பே முடித்துவிடுவார்கள். தரையிறங்கும் முறைக்கான பிரீஃபிங், எஃப்எம்எஸ் (விமானத்தின் வழிக் கம்ப்யூட்டர்) பதிவுகள், வானிலை எல்லாம் 40 மைலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தாமதமாக இறங்கத் தொடங்கிய பிறகு அட்டையை விரித்துப் படிக்க நேரம் இருக்காது.

20 முதல் 30 மைல் முன்னதாக, "ரிக்வெஸ்ட் டிசென்ட்" என்று கேளுங்கள். பதில் "ஸ்டேண்ட்பை" என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். கன்ட்ரோலரின் திரையில் நீங்கள் ஒரு புள்ளி, ஓர் எண். உங்கள் ஐடில் இறக்கம் எவ்வளவு தட்டையானது, பின்காற்று எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. "வி ஆர் அட் டாப் ஆஃப் டிசென்ட், எவ்ரி மினிட் வில் நீட் எக்ஸ்ட்ரா ட்ராக் மைல்ஸ்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். புகாராக ஒலிக்க வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும். அவரால் இறக்க முடியாவிட்டாலும் அடுத்த செக்டாரிடம் பாதையை நீட்டச் சொல்லி வைக்க முடியும்.

அனுமதி வராமலேயே புள்ளியைக் கடந்துவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பலர் இங்கேதான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஏடிசி-யிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொல்லிவிட்டு, மாக் 0.78-லிருந்து (ஒலிவேகத்தில் 78 சதவீதம்) கிரீன் டாட் (இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகம்) பக்கமாக, ஆனால் அதற்குக் கீழே போகாமல், வேகத்தைக் குறைத்து வாருங்கள். இதில் இரண்டு லாபம். தரைவேகம் 450-லிருந்து 390 ஆனால் நிமிடத்துக்கு ஒரு மைல் மிச்சமாகிறது. அனுமதி வந்ததும் மூக்கைத் தாழ்த்தி, உயரத்தை வேகமாக மாற்றியபடி சட்டென்று கீழே போகலாம். மாக் 0.79-இல் பறந்துகொண்டிருக்கும்போது அனுமதி கிடைத்தால் வேக வரம்பு தலையில் முட்டி நிற்கும், மூக்கைத் தாழ்த்த இடமே இருக்காது.

கேபினை மறந்துவிடக் கூடாது. உணவு வண்டிகள் இன்னும் நடைபாதையில் இருக்கும். இறக்கம் செங்குத்தாக இருக்கப்போகிறது என்று தெரிந்த உடனே இருக்கைப்பட்டி விளக்கைப் போட்டு, கேபின் குழுவுக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கேபின் அழுத்தமும் ஒரு கணக்குதான். மேலே கேபின் உயரம் சுமார் 7,000 அடி இருக்கும். ஏ320-இன் அழுத்தக் கட்டுப்பாடு கேபினை நிமிடத்துக்கு அதிகபட்சம் 750 அடி வீதமே இறக்கும். ஆக அதற்குக் குறைந்தது ஒன்பது, பத்து நிமிடம் வேண்டும். அந்த வரம்பிலேயே தொடர்ந்து இறங்கும்போது குழந்தைகளுக்கும் சளிபிடித்தவர்களுக்கும் காது வலிக்கும்.

அனுமதி கிடைத்ததும்

திரும்பச் சொல்லுங்கள், உயரத்தை எஃப்சியு-வில் (ஆட்டோபைலட் கட்டுப்பாட்டுப் பலகை) வையுங்கள், இருவரும் விரல் வைத்துச் சரிபாருங்கள், உடனே இறங்குங்கள். அவசரத்தில் தவறான உயரம் வைப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கக்கூடிய பிழை. அந்த இரண்டு விநாடியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆட்டோபைலட்டின் எந்த மோடில் இறங்குவது என்பதில் தயக்கம் வேண்டாம். ஏ320-இல் ஓபன் டிசென்ட், 737-இல் லெவல் சேஞ்ச். இரண்டிலும் என்ஜின் ஐடிலுக்குப் போகும், மூக்கு வேகத்தைக் காக்கும். மேனேஜ்டு டிசென்டில் விட்டால் கம்ப்யூட்டர் தன் பழைய பாதையை நோக்கித் தன் வேக வரம்புக்குள் மெதுவாக வரப் பார்க்கும், திரையில் "மோர் டிராக்" (இன்னும் இழுவை வேண்டும்) என்று எழுதிவிட்டு உங்கள் கைக்காகக் காத்திருக்கும்.

வெர்டிகல் ஸ்பீட் மோடுதான் இங்கே பெரிய பொறி. "நிமிடத்துக்கு 4,000 அடி" என்று திருகிவிட்டால் விமானம் அந்த வீதத்தைக் காப்பாற்றும், வேகத்தை விட்டுவிடும். வேகம் ஏறி ஏறி விஎம்ஓ-வை, அதாவது அனுமதித்த உச்ச வேகத்தை, தொடும். ஏ320-க்கு விஎம்ஓ 350 நாட், எம்எம்ஓ (மாக்கில் அதே வரம்பு) 0.82. 737-800-க்கு 340 நாட், 0.82. மேலிருந்து இறங்கும்போது வெர்டிகல் ஸ்பீடைக் கையில் எடுக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அது கிளைட் ஸ்லோப்பை (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சரிவுப் பாதை) மேலிருந்து பிடிக்கும்போது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது வேகம். தூரம் நிறைய இருந்தால் வேகமாக இறங்குங்கள். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே 320 நாட்டில் இறங்கும் விமானம் 270-இல் இறங்குவதைவிடச் செங்குத்தாகவே இறங்கும். விஎம்ஓ-வுக்கு 20 நாட்டாவது இடைவெளி விடுங்கள். குலுக்கல் இருந்தால் இன்னும் அதிகமாக விடுங்கள். கூடவே ஸ்பீட் பிரேக், அதாவது இறக்கையின் மேல் எழுந்து இழுவை கூட்டும் ஸ்பாய்லர் தகடுகள். அதன் பலமும் வேகத்தோடுதான் கூடும். 320 நாட்டில் நன்றாகப் பிடிக்கும், 210-இல் அதிர்வைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தராது.

ஏ320-இல் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருக்கும்போது லீவரை முழுதாக இழுத்தாலும் ஸ்பாய்லர்கள் பாதி அளவுக்குத்தான் எழும். முழுப் பலன் வேண்டுமென்றால் ஆட்டோபைலட்டை எடுக்க வேண்டும். வேலைப்பளு ஏற்கெனவே கூடியிருக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் லாபகரமான வியாபாரம் அல்ல. கூடுதல் மைல் கேட்பது அதைவிட எளிது.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃப்எல் 350, காற்று இல்லை, 115 மைல் வேண்டும், அனுமதி வந்தது 90 மைலில். 25 மைல் குறைவு. 320 நாட்டும் ஸ்பீட் பிரேக்குமாக இறங்கும்போது வழியில் சராசரி தரைவேகம் 430 நாட், அதாவது நிமிடத்துக்கு 7.2 மைல் என்று வைப்போம்.

இறங்குவீதம் சராசரி 4,500 அடி கிடைத்தால், 10,000 அடி வரைக்குமான 25,000 அடியைக் கழிக்க ஐந்தரை நிமிடம், 40 மைல். அங்கே 320-லிருந்து 250-க்கு வர 7 மைல், ஸ்பீட் பிரேக் வெளியே இருந்தால் அதைவிடக் குறைவு. மிச்சம் 43 மைல். 10,000 அடியிலிருந்து தேவை 40. நேராகிவிட்டது.

அதே விமானத்துக்கு 3,500 அடிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆட்டோபைலட்டோடு பாதி ஸ்பாய்லர், ஆன்டி-ஐஸ் போட்டிருக்கிறது. 25,000 அடிக்கு ஏழு நிமிடத்துக்கு மேல், 51 மைல். வேகம் குறைக்க 7. மிச்சம் 32. தேவை 40. எட்டு மைல் போதாது. இந்தக் கணக்கு 35,000 அடியிலேயே தெரிந்துவிடும். அங்கேயே பத்து மைல் கேட்டால் ஒரு சின்ன வளைவில் கிடைத்துவிடும். 4,000 அடிக்கு வந்த பிறகு கேட்டால், பின்னால் வரிசையில் வரும் விமானங்களையும் சேர்த்துக் கலைக்க வேண்டும்.

ஒவ்வொரு 5,000 அடியிலும் கணக்கைப் புதுப்பிக்க வேண்டியது விமானத்தை ஓட்டாமல் கண்காணிக்கும் விமானியின் வேலை. "இருபதாயிரம், 66 மைல், தேவை 77, பதினொன்று குறைவு." இந்தத் தொனியில் எண்ணாகச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் ஹையா இருக்கோம்" என்பதில் எதிரே இருப்பவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வேகமா, உயரமா, எது முதலில்?

தூரத்தில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டி உயரத்தைக் கழிக்க வேண்டும். அருகில் வந்துவிட்டால் முதலில் வேகத்தைக் குறைத்து, கியரையும் (சக்கரங்கள்) பிளாப்ஸையும் (இறக்கையின் மடிப்புகள்) இறக்கி, அந்த இழுவையில் உயரத்தைக் கழிக்க வேண்டும். மாறும் இடம் ஏறக்குறைய 10,000 அடியும் 30 மைலும். அதற்குள் வந்த பிறகும் 300 நாட்டில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போவது, ஒரு சிக்கலைத் தீர்க்க இன்னொன்றை வளர்ப்பதுதான். உயரம் சரியாகும், வேகம் கையில் அடங்காது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்பது விதி. பறவை மோதலை நினைத்தால், கன்ட்ரோலர் விலக்குக் கொடுத்தாலும் இது மதிக்க வேண்டிய எண்.

சோதனைப் புள்ளிகளாக இவற்றை வைத்துக்கொள்ளலாம். 10,000 அடியில் 250 நாட் என்றால் 40 மைல் தாராளம், 35 சமாளிக்கலாம், 30 என்றால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். 5,000 அடியில் 220 நாட், 20 மைல். 3,000 அடியில் 180 நாட், 10 முதல் 12 மைல்.

கியர்தான் நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த இழுவை. தயங்காமல் பயன்படுத்துங்கள். ஏ320-இல் 250 நாட்டுக்குள் இறக்கலாம், 737-800-இல் 270-க்குள். 12 மைலில் கியர் இறக்கினால் சத்தம் வரும், எரிபொருள் போகும். அது ஒரு கோ-அரவுண்டின் (தரையிறங்காமல் மீண்டும் ஏறிச் சுற்றி வருவது) எரிபொருளைவிடக் குறைவுதான். பிளாப்ஸை ஸ்பீட் பிரேக்காக நினைத்து, வேக வரம்பின் விளிம்பில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வருவது நல்ல பழக்கமல்ல. அவை அந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஸ்பீட் பிரேக் வெளியே இருக்கும் வரை கை லீவரிலேயே இருக்கட்டும். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-க்கு, நேராக வந்து ஓடுபாதை 19-இல் இறங்கலாம் என்று ஏடிசி வழி காட்டியது. விமானிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு வேண்டிய மைல் அவர்களிடம் இல்லாததால் ஸ்பீட் பிரேக்கை இழுத்துக்கொண்டு அவசரமாக இறங்கினார்கள். அந்த அவசரத்திலேயே கம்ப்யூட்டரில் தவறான வழிப்புள்ளி தேர்வானது, விமானம் மலைகளை நோக்கித் திரும்பியது. தரை எச்சரிக்கை ஒலித்ததும் முழு உந்துவிசையோடு ஏற முயன்றபோது ஸ்பீட் பிரேக் வெளியிலேயே இருந்தது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். சுருக்கு வழி என்பது தாமதமான டிசென்டின் இன்னொரு முகம். இரண்டிலும் மைல் ஒரே நொடியில் காணாமல் போகிறது. மலைப்பகுதியில் இறங்கும்போது எவ்வளவு அவசரமானாலும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ரேடியோவில் என்ன பேசுவது

"எக்ஸ்பெடைட் டிசென்ட், ரெட்யூஸ் ஸ்பீட் டூ ஃபைவ் ஜீரோ." விரைந்து இறங்கவும் வேண்டும், 250 நாட்டுக்கு வேகம் குறைக்கவும் வேண்டும். இது ஜெட் விமானத்தால் செய்ய முடியாத காரியம். இறங்கலாம், அல்லது வேகம் குறைக்கலாம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் டாக் 4444, இந்த இரண்டும் பொதுவாக ஒத்துப்போகாதவை என்பதால் இப்படிச் சேர்த்துச் சொல்வதைத் தவிர்க்கும்படி கன்ட்ரோலர்களுக்கே சொல்கிறது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். "வி கேன் கோ டவுன் ஆர் ஸ்லோ டவுன், விச் ஒன் ஃபர்ஸ்ட்?" கன்ட்ரோலருக்கு எது முக்கியம் என்று அவருக்குத்தான் தெரியும். கீழே குறுக்கே போகும் விமானமா, முன்னால் போகும் விமானத்தோடு இடைவெளியா என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

முடியாது என்றால் "அனேபிள்". இந்தச் சொல்லோடு வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அனேபிள், ரிக்வயர் டென் எக்ஸ்ட்ரா ட்ராக் மைல்ஸ்." அல்லது "ரிக்வெஸ்ட் த்ரீ சிக்ஸ்டி டு லூஸ் ஹைட்." ஒரு முழு வட்டம் எவ்வளவு தரும் என்று தெரிந்துவைத்திருங்கள். 10,000 அடியில் 250 நாட்டும் 25 டிகிரி சாய்வுமாகச் சுற்றினால் சுமார் மூன்றரை நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 1,500 அடி வீதம் இறங்கினாலும் 5,000 அடி கழிந்துவிடும். கன்ட்ரோலர் திசை சொல்லி வழிநடத்தும் வெக்டரில் இருக்கும்போது "ஹவ் மெனி ட்ராக் மைல்ஸ் டு ரன்?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டரின் எண் எஃப்எம்எஸ் பாதைக்கு மட்டும்தான் சரி, கன்ட்ரோலரின் மனதில் இருக்கும் பாதை வேறு.

ஏடிசி கொடுத்த வேகத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிக்கிய விமானங்களும் உண்டு. 2000 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் பர்பேங்கில், சவுத்வெஸ்ட் 1455-ஐ 230 நாட்டுக்குக் குறையாமல் வரச் சொன்னார்கள். உயரமாகவும் வேகமாகவும் வந்த அந்த 737-300 சுமார் 7 டிகிரி சரிவில் இறங்கி, 182 நாட்டில் தரை தொட்டு, ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடிச் சாலையில் போய் நின்றது. உயிரிழப்பு ஏதும் இல்லை. கன்ட்ரோலர் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் கோ-அரவுண்டைத் தவிரப் பாதுகாப்பான வழி எதுவும் மிஞ்சவில்லை என்பதை அமெரிக்க விசாரணை வாரியமும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அனுமதியைக் கொடுப்பவர் கன்ட்ரோலர். அதை ஏற்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் காக்பிட்டில் இருக்கிறார்.

மங்களூர், 77 மைல்

இந்தியாவில் இந்தப் பேச்சு வந்தாலே 2010 மே 22 நினைவுக்கு வரும். துபாயிலிருந்து 166 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, எஃப்எல் 370-இல் பறந்துகொண்டிருந்தது. மங்களூர் ராடார் அப்போது வேலை செய்யவில்லை. ராடார் இல்லாத நேரத்தில் கன்ட்ரோலர் விமானங்களை அவை சொல்லும் இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். அதற்கு அதிக இடைவெளி வேண்டும். 130 மைல் அளவில் துணை விமானி இறங்கக் கேட்டார், கிடைக்கவில்லை. இறக்கம் தொடங்கியது 77 மைலில்.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 37 பெருக்கல் 3, 111. வேகம் குறைக்க 10. மொத்தம் 121. இருந்தது 77. டிஎம்இ வளைவு (நிலையத்திலிருந்து ஒரே தூரத்தில் சுற்றும் பாதை) வழியாகச் சுற்றி வந்ததில் சில மைல் கூடுதலாகக் கிடைத்திருக்கும், 44 மைல் குறையை அது அடைக்காது. கடைசிக் கட்டத்தில் விமானம் இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொன்னார். சுமார் 8,000 அடி நீள ஓடுபாதையில், தொடக்கத்திலிருந்து 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள்.

தாமதமான இறக்கம் மட்டுமே அந்த விபத்துக்குக் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. கேப்டன் பயணத்தில் நெடுநேரம் தூங்கியதும், விழித்த பிறகும் நீங்காத மந்தமும் விசாரணை அறிக்கையில் விரிவாக இருக்கின்றன. ஆனால் 77 மைலில் அந்தக் கணக்கை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, மங்களூருக்கு மேலே ஒரு ஹோல்டிங் (ஒரே இடத்தில் வட்டமிடுதல்) கேட்டிருந்தால் மீதி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. ராடார் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்று நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவிப்பு) பார்த்தால், தாமதமாகத்தான் இறக்குவார்கள் என்று பிரீஃபிங்கிலேயே எழுதி வைத்து, ஹோல்டிங்குக்கு எரிபொருள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே வந்த பிறகு

அனுமதித்த உயரத்தை நெருங்கும்போது கடைசி 1,000 அடியில் இறங்குவீதத்தை 1,500-க்குக் கீழே கொண்டுவாருங்கள். நிமிடத்துக்கு 4,000 அடியில் பாய்ந்து வரும் விமானம் நிற்கப்போகிறது என்பது கீழே இருக்கும் விமானத்தின் டிசிஏஎஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவிக்குத் தெரியாது. அது மோதல் எச்சரிக்கை கொடுத்துவிடும். உயரத்தைப் பிடிக்கும் முன் ஸ்பீட் பிரேக் உள்ளே வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உந்துவிசையும் பிரேக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

கிளைட் ஸ்லோப்புக்கு மேலே மாட்டிக்கொண்டால் ஏ320-இல் வரிசை இதுதான். முதலில் லோக்கலைசர் (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் சிக்னல்) பிடித்திருக்க வேண்டும். அப்ரோச் மோட் ஆர்ம் ஆகியிருக்க வேண்டும். கியர் கீழே, பிளாப்ஸ் குறைந்தது 2. எஃப்சியு உயரத்தை விமானத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் பாதி வழியில் ஆல்டிடியூட் ஸ்டார் (வைத்த உயரத்தைப் பிடிக்கும் மோட்) பிடித்துக்கொண்டு விமானம் நின்றுவிடும். பிறகு வெர்டிகல் ஸ்பீட், மைனஸ் 1,500. 2,000-ஐத் தாண்டினால் வேகம் பிளாப்ஸ் வரம்பை நோக்கி ஓடும். உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச உயரத்துக்குள் கிளைட் ஸ்லோப் பிடிக்கவில்லை என்றால் அந்த முயற்சி அங்கேயே முடிந்தது.

மேலிருந்து பிடிக்கும்போது பொய்யான கிளைட் ஸ்லோப்பும் காத்திருக்கும். ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) ஒலிபரப்பில் 3 டிகிரி பாதைக்கு மேலே, 9 டிகிரியை ஒட்டிச் சிக்னல் தலைகீழாக மாறும் இடம் உண்டு. அதைப் பிடித்த ஆட்டோபைலட் மூக்கை வேகமாக மேலே தூக்கிவிடும். 2013 மே 31 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒரு 737-800-க்கு இதுதான் நடந்தது. வேகம் விழுந்து ஸ்டிக் ஷேக்கர் (வேகம் மிகக் குறைந்ததை எச்சரிக்கும் அதிர்வு) உதறியது, விமானிகள் மீட்டெடுத்தார்கள். காப்பதற்கு எளிய வழி, தூரத்தை 300-ஆல் பெருக்கிப் பார்ப்பது. 10 மைலில் 3,000 அடி இருக்க வேண்டிய இடத்தில் 9,000 அடியில் ஊசி நடுவில் வந்து நின்றால், அந்த ஊசியை நம்பக் கூடாது.

2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் விழுந்த டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் 1951-உம் மேலிருந்துதான் கிளைட் ஸ்லோப்பைப் பிடித்தது. பழுதான ரேடியோ ஆல்டிமீட்டர் காரணமாக ஆட்டோத்ராட்டில் உந்துவிசையை ஐடிலுக்கு இழுத்து வைத்திருந்தது. மேலிருந்து இறங்கும்போது ஐடில்தான் இயல்பு என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒன்பது பேர் இறந்தார்கள். ஆகவே பாதையைப் பிடித்த அந்த நொடியில் கண் போக வேண்டிய இடம் வேகமும் உந்துவிசையும். "ஸ்பீட்… த்ரஸ்ட்… மோட்" என்று மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.

1,000 அடிக்கு வரும்போது கியர், பிளாப்ஸ், வேகம், உந்துவிசை, பாதை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோ-அரவுண்ட். அதற்கும் முன்னாலேயே, 4,000 அல்லது 5,000 அடியில், இது சேராது என்று தெரிந்துவிட்டால் 1,000 அடி வரை இழுத்துக்கொண்டு போக அவசியமில்லை. எஃப்சியு-வில் வைத்த உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும்போது டோகா (முழு கோ-அரவுண்ட் உந்துவிசை) போட்டால் விமானம் முழுபலத்தோடு எகிறும், வேலைப்பளு இன்னும் கூடும். ஏர்பஸ் இதற்குத் தனி முறை வைத்திருக்கிறது. "கேன்சல் அப்ரோச்" என்று சொல்லுங்கள். அப்ரோச் பொத்தானை அழுத்தி மோடை விடுவியுங்கள். ஹெடிங்கும் உயரமும் வேகமும் நீங்களே தேர்ந்தெடுங்கள். ஸ்பீட் பிரேக் லீவர் உள்ளே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு ஏடிசி-க்கு: "டிஸ்கன்டின்யூயிங் அப்ரோச், டூ ஹை, ரிக்வெஸ்ட் வெக்டர்ஸ், ட்வென்டி ட்ராக் மைல்ஸ்." மைலை இந்த முறை நீங்களே எண் சொல்லிக் கேளுங்கள்.